புகையிலையில் செடி இடைவெளியும் தழைச்சத்தும்: இரண்டையும் ஏன் ஒரே கணக்கில் பார்க்க வேண்டும்

பாசனப் புகையிலைக்கான சாகுபடிக் குறிப்புகளை வரிசையாக வைத்துப் படிப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஒரு குறிப்பு எக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) போதும் என்கிறது. மற்றொன்று 110 கிலோ என்கிறது. மூன்றாவது 200 கிலோவைத் தொடுகிறது. இடைவெளியும் அப்படித்தான். வரிசைக்கு வரிசை 1 மீட்டர், செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் என்று ஓரிடத்திலும், 40 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்று வேறோர் இடத்திலும் எழுதியிருக்கிறது. இவற்றில் எதுவும் தவறில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இலையை, ஒரு குறிப்பிட்ட மண்ணை, ஒரு குறிப்பிட்ட நீர் நிலைமையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. அந்தப் பின்னணியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இடைவெளியைத் தனியாகவும் உரத்தைத் தனியாகவும் முடிவு செய்வது புகையிலையில் பெரும்பாலும் தவறாகவே முடியும். ஓர் இலைக்கு எவ்வளவு தழைச்சத்து கிடைக்கிறது, அது எந்த நாளில் தீர்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்குள் அந்த இரண்டு முடிவுகளும் அடங்கிவிடுகின்றன. பாசன நிலத்தில் நீரும் இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான உறுப்பு. அடிப்படையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இலையே விளைச்சல் என்பதன் பொருள்

தானியப் பயிரில் இலை ஒரு தற்காலிகச் சேமிப்பிடம். பயிர் முதிரும்போது இலையில் இருந்த தழைச்சத்தின் பெரும்பகுதி மணிக்கு நகர்ந்துவிடும். கொஞ்சம் கூடுதலாக உரம் இட்டிருந்தாலும் அது மணியின் புரதமாக மாறிப் பயன்படும். புகையிலையில் அந்த வடிகால் இல்லை. பூங்கொத்தைக் கிள்ளிவிடுகிறோம், பக்கக் கிளைகளை ஒடித்துவிடுகிறோம். ஆகவே வேர் உறிஞ்சியதில் பெரும்பகுதி இலையிலேயே தங்கி, அதன் நிறம், தடிப்பு, மணம், காரம், எரியும் தன்மை ஆகிய எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதிகமாக இட்ட உரம் வீண் செலவோடு நிற்பதில்லை. அது இலைக்குள் போய்த் தரத்தை மாற்றுகிறது.

காரத்துக்குக் காரணமான நிக்கோட்டினும் தழைச்சத்தைக் கொண்டே உருவாகிறது. அதன் மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் உள்ளன. எடையில் ஏறத்தாழ 17 சதவீதம் நைட்ரஜன்தான். எக்டேருக்கு 2,400 கிலோ பதப்படுத்திய இலை, அதில் 2.5 சதவீதம் நிக்கோட்டின் என்று வைத்துக்கொண்டால், நிக்கோட்டின் 60 கிலோ. அதற்குள் மட்டும் சுமார் 10 கிலோ நைட்ரஜன் அடங்கியிருக்கிறது.

இந்த நிக்கோட்டின் இலையில் உருவாவதில்லை. வேரில் உருவாகி, நீரைக் கொண்டுசெல்லும் நாளங்களின் வழியே இலைக்கு ஏறுகிறது. 1940களின் தொடக்கத்தில் ரே டாசன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒட்டுக்கட்டிச் செய்த சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின. புகையிலை வேரின் மேல் ஒட்டப்பட்ட தக்காளித் தண்டின் இலைகளில் நிக்கோட்டின் சேர்ந்தது. தக்காளி வேரின் மேல் ஒட்டப்பட்ட புகையிலையில் அது மிகமிகக் குறைந்தது. இடைவெளி பற்றிப் பேசும்போது இந்த உண்மையை மறக்கக் கூடாது. செடிக்கு அதிக இடம் கொடுத்தால் வேர் விரிகிறது. வேர் விரிந்தால் ஒவ்வோர் இலைக்கும் ஏறும் நிக்கோட்டின் கூடுகிறது. நுனியைக் கிள்ளியதும் நிக்கோட்டின் உற்பத்தி வேகம் பிடிப்பதும் வேரில் நிகழும் மாற்றத்தால்தான்.

எந்த இலை வேண்டும் என்பதே முதல் கேள்வி

உர அளவுகள் இவ்வளவு வேறுபடுவதற்கு முதல் காரணம் புகையிலை வகைகள்.

1. வெப்பக்குழாய்க் கொட்டகையில் பதப்படுத்தும் வர்ஜீனியா வகைக்கு மஞ்சள் நிறமும் சர்க்கரையும் வேண்டும். பதப்படுத்தலின் முதல் கட்டத்தில், சுமார் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், இலையின் பச்சையம் சிதைய வேண்டும். மாவுச்சத்து சர்க்கரையாக மாற வேண்டும். தழைச்சத்து மிகுந்த இலையில் மாவுச்சத்து குறைவாகவும் பச்சையமும் புரதமும் மிகுதியாகவும் இருப்பதால், குறித்த நேரத்தில் அது மஞ்சளாவதில்லை. பச்சை படிந்தோ கருத்தோதான் வெளியே வரும். ஆகவே இந்த வகைக்குக் குறைந்த அளவே பரிந்துரைக்கப்படுகிறது. மிக இலேசான மணல் நிலத்தில் மட்டும் அது 100 கிலோவுக்கு மேல் போகிறது.

2. காற்றில் உலர்த்தும் பர்லி வகைக்கு நேர்மாறான தேவை. 1864இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் தோன்றிய வெளிர்நிறச் செடியிலிருந்து வந்த இந்த வகையில் பச்சையம் பிறவியிலேயே குறைவு. உறிஞ்சிய தழைச்சத்தைப் பயன்படுத்தும் திறனும் குறைவு. எனவே 150 முதல் 200 கிலோ வரையோ அதற்கு மேலோ இடுகிறார்கள். பதப்படுத்திய இலையில் சர்க்கரை கிட்டத்தட்ட இராது.

3. கீழைநாட்டு வகை எனப்படும் சிற்றிலைப் புகையிலைக்குச் சிறிய, மணமுள்ள இலை வேண்டும். 40 × 15 சென்டிமீட்டர் இடைவெளியில் எக்டேருக்கு 1,66,000 செடிகளுக்கு மேல் நட்டு, மிகக் குறைந்த தழைச்சத்தோடு, பெரும்பாலும் வறட்சியிலேயே வளர்க்கிறார்கள்.

4. மெல்லும் வகைகளுக்கும் காரம் மிகுந்த வகைகளுக்கும் தடித்த, கனத்த இலை வேண்டும். அகன்ற இடைவெளி, தாழ்ந்த கிள்ளல், அதிகத் தழைச்சத்து மூன்றும் அங்கே சேர்ந்தே வரும்.

இனி வரும் கணக்குகளை வர்ஜீனியா வகையை முன்வைத்தே போடுகிறேன். தவறுவதற்கான இடம் மிகக் குறுகலாக இருப்பது அதில்தான். மற்ற வகைகளுக்கு எண்கள் மாறினாலும் கணக்குப் போடும் முறை மாறாது.

இடைவெளியின் கணக்கு

ஒரு எக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். வரிசை இடைவெளியையும் செடி இடைவெளியையும் மீட்டரில் பெருக்கி, அதனால் 10,000ஐ வகுத்தால் செடிகளின் எண்ணிக்கை வரும். 1 மீட்டர் × 60 சென்டிமீட்டருக்கு 16,667 செடிகள். 1 மீட்டர் × 50 சென்டிமீட்டருக்கு 20,000. 75 × 75 சென்டிமீட்டருக்கு 17,778.

வரிசை இடைவெளியை நாம் விரும்பியபடி மாற்றிவிட முடியாது. களையெடுக்கும் கருவியின் அகலம், பாசனச் சாலின் அகலம், இலை ஒடிக்கும் ஆட்கள் உள்ளே போய்வர வேண்டிய வழி ஆகியவை அதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன. உண்மையில் நம் கையில் இருப்பது ஒரே பாரில், அதாவது சால்களுக்கு இடையே செடி நிற்கும் மண் மேட்டில், செடிக்குச் செடி விடும் தூரம்தான்.

அந்தத் தூரத்தைக் குறைத்தால் எக்டேருக்கான இலைகளின் எண்ணிக்கை கூடும், தனித்தனி இலை சிறுத்து மெலியும், நிக்கோட்டின் குறையும், அடியிலைகள் நிழலில் மூடப்பட்டு முன்னதாகவே மஞ்சளாகும், காற்றோட்டம் குறைந்து இலைப்புள்ளி நோய்களுக்கு ஈரமான சூழல் அமையும். மொத்த எடை ஒரு கட்டம் வரை ஏறும், பிறகு நின்றுவிடும். தூரத்தைக் கூட்டினால் இலை பெரிதாகித் தடிக்கும், காரம் ஏறும், அடியிலைக்கும் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் நிலத்தின் ஒரு பகுதி பயன்படாமல் கிடக்கும். செடி அங்கங்கே செத்துப்போன வயலில் இதை நேராகவே பார்க்கலாம். இடைவெளி விழுந்த இடத்துக்கு இருபுறமும் நிற்கும் செடிகள் கறுத்த பச்சையாக, அகன்ற இலைகளோடு நிற்கும். மற்றவை பழுக்கத் தொடங்கிய பின்னும் அவை பழுக்காது. நட்ட பத்து நாளுக்குள் பழுதுநடவு (செத்த செடியின் இடத்தில் புது நாற்று வைப்பது) செய்துவிட வேண்டும் என்று வலியுறுத்துவதற்கு இதுவே காரணம். அதற்குப் பின் வைக்கும் நாற்று, சுற்றியுள்ள செடிகளின் நிழலில் எழ முடியாமல் கிடந்து, வயலின் பழுக்கும் நாளை இன்னும் சிதறடிக்கும்.

இரண்டும் சந்திக்கும் இடம்: ஓர் இலைக்கு எவ்வளவு

எக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்து இடுவதாக வைத்துக்கொள்வோம். 16,667 செடிகள் இருந்தால் செடிக்கு 3.6 கிராம், 20,000 செடிகள் இருந்தால் 3 கிராம். ஒவ்வொரு செடியிலும் 18 இலைகளை விட்டு நுனியைக் கிள்ளினால் முதல் வயலில் 3,00,000 இலைகள், இரண்டாவதில் 3,60,000 இலைகள். ஓர் இலையின் பங்கு முதல் வயலில் 200 மில்லிகிராம், இரண்டாவதில் சுமார் 167 மில்லிகிராம். உர மூட்டையின் எண்ணிக்கை மாறவில்லை, ஆனால் இலையின் உணவு ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இடைவெளியை நெருக்கியவர் இலை மெலிந்து வெளிறியதைக் கண்டு உரம் போதவில்லை என்கிறார். அகற்றியவர் இலை கறுத்துப் பழுக்காமல் நிற்பதைக் கண்டு உரம் அதிகமாகிவிட்டது என்கிறார். இருவர் இட்டதும் ஒரே அளவுதான். எக்டேர்க் கணக்கில் மட்டும் பேசும் பரிந்துரை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

அப்படியானால் நெருக்கி நட்டவர் தழைச்சத்தை அதே விகிதத்தில் கூட்ட வேண்டுமா? வேண்டியதில்லை. நெருக்கி நட்ட வயலில் வேர்கள் மண்ணை முழுமையாக நிரப்புவதால், இட்ட உரத்தில் பயிர் எடுக்கும் பங்கும் சற்றுக் கூடும். செடிகளின் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் உரத்தை அதில் பாதியளவுக்குக் கூட்டித் தொடங்குவது பாதுகாப்பானது என்பது என் கருத்து. குறைவாக இட்டதைப் பிறகு சரிசெய்யலாம், கூடுதலாக இட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

கிள்ளும் உயரமும் இதே கணக்கில்தான் வருகிறது. 20,000 செடிகளை 15 இலையில் கிள்ளினால், 16,667 செடிகளை 18 இலையில் கிள்ளியதற்குச் சமமாக 3,00,000 இலைகளே நிற்கும். எண்ணிக்கை ஒன்றானாலும் தரம் ஒன்றாகாது. தாழக் கிள்ளிய செடியில் எஞ்சிய இலைகளுக்குக் காரம் கூடுதலாக ஏறும். பருவ நடுவில் தழைச்சத்து எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருப்பது தெரிந்தால், இரண்டு இலைகள் கூடுதலாக விட்டு உயரக் கிள்ளுவது கைவசம் உள்ள எளிய திருத்தம். குறைவாக இருந்தால் தாழக் கிள்ளலாம். நட்ட பிறகு இடைவெளியை மாற்ற முடியாது, இட்ட உரத்தை எடுக்க முடியாது. ஆனால் இலைகளின் எண்ணிக்கையைக் கிள்ளும் நாள் வரை மாற்ற முடியும்.

தழைச்சத்து தீர வேண்டிய நாள்

மொத்த அளவைவிட இந்த நாள் முக்கியம் என்றே சொல்வேன். 60 கிலோ சரியான நாளில் தீர்ந்தால் நல்ல இலை. 50 கிலோவே ஆனாலும் காலம் கடந்து தீர்ந்தால் பழுக்காத இலை.

1. நட்ட முதல் மூன்று வாரம்: செடி வேரூன்றும் காலம். பருவம் முழுவதும் எடுக்கும் தழைச்சத்தில் மிகச் சிறிய பங்கையே இப்போது எடுக்கும். இந்தக் கட்டத்தில் முழு உரத்தையும் இட்டால், நீர் அதைக் கீழே இறக்கிவிடும் வாய்ப்பே அதிகம்.

2. நான்காவது வாரத்திலிருந்து பூமொட்டு தோன்றும் வரை: வேகமான வளர்ச்சி. தழைச்சத்தின் பெரும்பகுதி இந்த ஐந்தாறு வாரங்களில்தான் ஏறுகிறது. மண்ணில் குறை இருக்கக் கூடாத காலம் இது ஒன்றே.

3. கிள்ளிய பிறகு: மண்ணில் தழைச்சத்து தீர்ந்துபோக வேண்டும். அது தீர்ந்தால்தான் அடியிலிருந்து ஒவ்வொரு கணுவாக இலை பச்சை வெளிறி, மாவுச்சத்து சேர்ந்து, நுனியும் ஓரமும் மஞ்சளாகிப் பழுக்கும். இப்போதும் மண்ணில் மிச்சம் இருந்தால், ஒடித்த இடத்திலெல்லாம் பக்கக் கிளைகள் மீண்டும் மீண்டும் கிளம்பும். அசுவினியும் இளம் தழையைத் தேடி வரும்.

இதனால்தான் உரத் தவணைகளை எல்லாம் நட்ட 40 அல்லது 45 நாளுக்குள் முடித்துவிடச் சொல்கிறார்கள். மணல் மண்ணில் மூன்று தவணை, அதாவது 10ஆம் நாள், 25ஆம் நாள், 40ஆம் நாளை ஒட்டி. கனமான மண்ணில் இரண்டு தவணை போதும். இலை வெளிறியிருக்கிறது என்று 60ஆம் நாளில் கையளவு யூரியா தூவுவது, நான் அறிந்தவரை, இந்தப் பயிரில் மிகுந்த சேதம் விளைவிக்கும் நல்லெண்ணச் செயல்.

தொழு உரத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 10 டன் தொழு உரத்தில், அரை சதவீதம் என்று கொண்டால், 50 கிலோ நைட்ரஜன் உண்டு. அது மெல்லச் சிதைந்து, வெப்பமும் ஈரமும் கூடிய நாள்களில் வெளிவரும். அந்த நாள்கள் நாம் தழைச்சத்து தீர வேண்டும் என்று காத்திருக்கும் நாள்களாக அமைந்துவிடலாம். நன்றாக மட்கியதை நடவுக்குப் பல வாரங்கள் முன்னரே இடுவதும், உரக் கணக்கில் அதற்குரிய பங்கைக் கழிப்பதும் தவறாமல் செய்ய வேண்டியவை.

நீர் என்ன செய்கிறது

மண்ணில் தழைச்சத்து முக்கியமாக இரண்டு வடிவங்களில் செடிக்குக் கிடைக்கிறது. அம்மோனியம் நேர்மின் ஏற்றம் கொண்டது. களிமண் துகள்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின் ஏற்றம் கொண்டது. அதைப் பிடித்துவைக்க மண்ணில் ஏறக்குறைய எதுவும் இல்லை. நீர் போகும் இடத்துக்கெல்லாம் அதுவும் போகும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அம்மோனியத்தையும் யூரியாவையும் சூடான ஈர மண்ணில் சில வாரங்களுக்குள் நைட்ரேட்டாக மாற்றிவிடுவதால், எந்த உரத்தை இட்டாலும் பெரும்பகுதி இறுதியில் இந்த ஓடும் வடிவத்துக்கே வந்து சேர்கிறது.

இதிலிருந்து பாசன நிலத்துக்கே உரிய நான்கு விளைவுகள் வருகின்றன.

1. கீழிறக்கம். பாய்ச்சிய நீர் வேர் மண்டலத்தைத் தாண்டும்போது நைட்ரேட்டும் தாண்டுகிறது. மணல் மண்ணில் உரம் இட்ட மறுநாள் நிறையப் பாய்ச்சுவது உரத்தைப் புதைப்பதற்குச் சமம். வேரின் ஆழத்துக்கு மட்டும் நனையும்படி, குறைவாகவும் அடிக்கடியும் பாய்ச்சுவதே பொருத்தம்.

2. பாரின் உச்சியில் தேக்கம். சாலில் பாயும் நீர் இருபுறமும் பாருக்குள் ஊறி மேலேறி, உச்சியில் ஆவியாகிறது. கரைந்த உப்புகளும் நைட்ரேட்டும் அந்த உலர்ந்த மேற்பரப்பில் தங்கிவிடுகின்றன. வேர் அங்கே இல்லை; செடி பசியோடு வெளிறி நிற்கும். பிறகு ஒரு மழை பெய்தால் அந்த நைட்ரேட் முழுவதும் ஒரே நாளில் வேருக்கு இறங்கும். பழுக்கத் தொடங்கிய வயல் மழைக்குப் பின் திடீரென மீண்டும் பச்சை ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்; உரமே இடாதபோது பச்சை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை பாரின் உச்சி மண்ணில் இருக்கிறது. செடியிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளி, மேற்பரப்புக்குக் கீழே பட்டையாக உரத்தை வைத்து மண்ணால் மூடுவது இந்தத் தேக்கத்தைக் குறைக்கும். சொட்டுநீர்க் குழாய் வழியே கரைத்துக் கொடுத்தால் நனையும் குமிழுக்குள்ளேயே பெரும்பகுதி நிற்கும்.

3. நீரிலேயே வரும் தழைச்சத்து. கிணற்று நீரில் நைட்ரேட் இருந்தால் ஒவ்வொரு பாசனமும் ஒரு மேலுரம். கணக்கு எளிது: லிட்டருக்கு 1 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன் (நைட்ரேட்டில் அடங்கிய நைட்ரஜன்) உள்ள நீரை 100 மில்லிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் எக்டேருக்கு 1 கிலோ நைட்ரஜன் சேர்கிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் உள்ள நீரைப் பருவம் முழுவதும் 400 மில்லிமீட்டர் பாய்ச்சினால் 40 கிலோ. ஆய்வறிக்கை நைட்ரஜனாகச் சொல்லாமல் நைட்ரேட்டாகச் சொன்னால், அந்த எண்ணை 4.43ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும். இந்தத் தழைச்சத்துக்கு நிறுத்தம் இல்லை என்பதே இதன் ஆபத்து. கிள்ளிய பின்னும் ஒவ்வொரு பாய்ச்சலிலும் அது வந்துகொண்டே இருக்கும்.

4. நீர்த்தேக்கம். புகையிலை வேருக்குக் காற்று தேவை. நீர் தேங்கிய வயலில் வெயில் ஏறிய சில மணி நேரத்தில் செடிகள் துவண்டு விழும். பிழைத்தவை மஞ்சளாக நிற்கும். அந்த மஞ்சள் தழைச்சத்துக் குறையால் மட்டும் வந்ததன்று. மூச்சடைத்த வேரால் வந்தது. இந்த நிலையில் உரம் இட்டால் செடி எடுத்துக்கொள்ளாது. மண் உலர்ந்து புது வேர் வந்த பிறகு, பருவம் கடந்து எடுக்கும்.

மழையில் கரைந்துபோன தழைச்சத்தை ஈடுசெய்ய வேண்டுமா என்பதற்கும் வயதுதான் அளவுகோல். நட்ட மூன்று நான்கு வாரத்துக்குள், வேர் மண்டலத்தைத் தாண்டி நீர் இறங்கும் அளவுக்கு மழை பெய்தால், இட்டதில் ஒரு பகுதியைத் திரும்பக் கொடுப்பது நியாயம். ஏழெட்டு வாரம் ஆன பயிர் தன் பங்கில் பெரும்பகுதியை ஏற்கெனவே எடுத்துவிட்டது. அதற்குக் கொடுக்க வேண்டியது பெரும்பாலும் எதுவும் இல்லை.

உரத்தின் வடிவம்

புகையிலை நைட்ரேட்டை விரும்பும் பயிர். அம்மோனியம் மிகுந்தால் அது சாம்பல் சத்து (பொட்டாசியம்), சுண்ணாம்புச் சத்து (கால்சியம்), மக்னீசியம் ஆகியவற்றை வேர் எடுப்பதோடு போட்டியிடும். அதனால் வர்ஜீனியா வகைக்குக் குறைந்தது பாதியளவு நைட்ரேட் வடிவில் கொடுப்பது நல்லது: கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் நைட்ரேட் போன்றவை. யூரியாவை இட்டால் மண்ணுக்குள் மூடியே இட வேண்டும்; காரத்தன்மை கொண்ட மண்ணின் மேற்பரப்பில் விட்டால் அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

தழைச்சத்தோடு நேரடித் தொடர்பில்லை எனினும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சாம்பல் சத்துக்கு மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம். அதில் உள்ள குளோரைடை இலை தாராளமாக எடுத்துக்கொள்ளும்; பதப்படுத்திய இலையில் அது 2 சதவீதத்தைத் தாண்டினால் இலை ஈரத்தை உறிஞ்சும், சரியாக எரியாது. சல்பேட் ஆஃப் பொட்டாஷ்தான் பொருத்தம். உவர்ப்பான கிணற்று நீரும் இதே கேட்டைச் செய்யும் என்பதால், நீர் ஆய்வில் நைட்ரேட்டோடு குளோரைடையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒரு முழுக் கணக்கு

மேலே சொன்னவற்றை இரண்டு கற்பனை வயல்களில் வைத்துப் பார்க்கலாம். இரண்டிலும் எதிர்பார்க்கும் இலை விளைச்சல் 2,400 கிலோ. இலை, தண்டு, வேர் எல்லாம் சேர்ந்து எடுக்கும் தழைச்சத்து 80 கிலோ என்று கொள்வோம். இரண்டுக்கும் ஒரே கிணறு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் நைட்ரேட்-நைட்ரஜன், பருவத்துக்கு 300 மில்லிமீட்டர் பாசனம், எனவே நீரில் வருவது 15 கிலோ.

மணல் வயலில் கரிமக் கார்பன் 0.4 சதவீதம். மேல் 15 சென்டிமீட்டர் மண் எக்டேருக்குச் சுமார் 22 லட்சம் கிலோ. அதில் 8,800 கிலோ கார்பன், அதோடு ஏறத்தாழ 800 கிலோ நைட்ரஜன். ஆண்டுக்கு 2 சதவீதம் சிதையும் என்று கொண்டால் 16 கிலோ; அதில் பாதி பயிர்க்காலத்தில் கிடைத்தால் 8 கிலோ. தேவை 80இலிருந்து 8ஐயும் 15ஐயும் கழித்தால் 57. இட்டதில் 60 சதவீதமே பயிருக்குச் சேரும் மண் என்பதால் இட வேண்டியது 95 கிலோ.

கனமான வயலில் கரிமக் கார்பன் 1 சதவீதம். அதே முறையில் மண் தருவது 20 கிலோ. மீதி 45 கிலோ. இங்கே 70 சதவீதம் பயிருக்குச் சேரும் என்று கொண்டால் இட வேண்டியது 64 கிலோ.

ஒரே வகை, ஒரே கிணறு, ஒரே விளைச்சல் இலக்கு. ஆனாலும் 31 கிலோ வேறுபாடு. இரண்டாவது வயலில் நீரின் 15 கிலோவைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தால் 86 கிலோ இட்டிருப்போம். அந்தக் கூடுதல் 22 கிலோ, பழுக்க வேண்டிய இலையைப் பச்சையாக நிறுத்தப் போதுமானது. முந்தைய பயிர் பயறு வகையாக இருந்திருந்தால் கழிக்க வேண்டியது இன்னும் கூடும். சிதைவு வீதமும் பயன்பாட்டு வீதமும் வயலுக்கு வயல் மாறும் என்பதால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கழிக்க வேண்டிய இனங்கள் எவை என்பதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வயலைப் பார்த்துக் காரணத்தைப் பிரித்தறிதல்

வெளிறிய இலைக்குப் பல காரணங்கள் உண்டு. உரப்பையை எடுப்பதற்கு முன் இவற்றை வரிசையாகப் பார்ப்பது நல்லது.

1. வெளிறல் அடியிலையில் தொடங்கி மேலேறுகிறதா? அப்படியானால் தழைச்சத்துக் குறை இருக்கலாம். இளந்தளிரில் தொடங்கினால் கந்தகம் அல்லது இரும்பைச் சந்தேகிக்க வேண்டும். கந்தகக் குறைக்கு யூரியா இட்டால் நிலைமை மோசமாகும்.

2. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளுத்தும் அடியிலையில் தெரிந்தால் அது மக்னீசியக் குறை. மணல் மண்ணில் மழைக்குப் பின் இது வருவது வழக்கம்.

3. வயல் முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா, தாழ்வான இடத்தில் மட்டுமா? தாழ்வில் மட்டும் என்றால் வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். பழுப்பேறிய, நாற்றமடிக்கும் வேர் வடிகால் குறையைக் காட்டும்.

4. நெருக்கமாக நட்ட வரிசையின் உட்பகுதியில் அடியிலை மட்டும் மஞ்சளாகி, வயலின் ஓர வரிசையில் பச்சையாக இருந்தால் அது நிழலின் விளைவு. உரம் அதை மாற்றாது.

5. செடிக்கு என்ன வயது? பத்தாவது வாரத்தில் அடியிலையிலிருந்து மேலேறும் வெளிறல் குறையன்று, இலை பழுப்பதன் அடையாளம்.

அதிகமானால் எங்கே போகிறது

பர்லி போன்ற காற்றில் உலர்த்தும் வகைகளில் உபரித் தழைச்சத்து நைட்ரேட்டாகவே இலையில் சேரும், குறிப்பாக நடுநரம்பில். உலர்த்தும் வாரங்களில் இலையில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட் நிக்கோட்டினோடும் அதன் உறவு வேதிப்பொருள்களோடும் சேர்ந்து புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்களை உருவாக்குகிறது. இவற்றில் என்.என்.என்., என்.என்.கே. ஆகிய இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதிப் பொருள்களாக வகைப்படுத்தியுள்ளது. புகையிலை எந்த வடிவிலும் தீங்கானது என்பதை இந்தக் கணக்குகள் மாற்றிவிடாது. ஆனால் வயலில் இட்ட கூடுதல் உரம் அந்தத் தீங்கை மேலும் கூட்டும் என்பது தெரிந்தபின், விளைச்சலுக்காக 200 கிலோவைத் தாண்டிப் போவதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இலைக்குள் போகாத பங்கு இரண்டு வழிகளில் வெளியேறுகிறது. நீர் தேங்கிய மண்ணில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாகிறது. எடைக்கு எடை அது கரியமில வாயுவைப்போல 270 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கும். மறு பகுதி நிலத்தடி நீருக்கு இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. நைட்ரஜனாகச் சொன்னால் சுமார் 11 மில்லிகிராம். அந்த அளவில் உள்ள கிணற்று நீரை 400 மில்லிமீட்டர் பாய்ச்சினால் எக்டேருக்கு 45 கிலோ தழைச்சத்து கேட்காமலே வந்து சேரும். கனமான மண்ணில் வளரும் வர்ஜீனியா வகைக்கு அதுவே தேவையின் பாதிக்கு மேல். ஆண்டுக்கு ஒருமுறை, நடவுக்கு முந்தைய மாதத்தில், மண்ணோடு கிணற்று நீரையும் ஆய்வுக்கு அனுப்பி, வந்த எண்ணை உரத் திட்டத்தின் முதல் வரியில் எழுதிக் கழித்த பிறகே செடி இடைவெளியையும் தவணைகளையும் முடிவு செய்ய வேண்டும்.